ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் இதற்கும் பதில் சொல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் மலேசியாவின் அடுத்த பொதுத்தேர்தல் 2028 தொடக்கத்துக்குள் வந்தாக வேண்டும். வேட்பாளர்களிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று உங்கள் வாசகர் பக்கத்தில் இப்போதே கடிதங்கள் வருகின்றன. தமிழ்ப்பள்ளி மானியம், கோயில் நிலம், அடையாள அட்டை இல்லாத பிள்ளைகள், மலிவு விலை வீடு. எல்லாம் கேட்க வேண்டியவைதான், நானும் கேட்பேன். இவற்றோடு இன்னொரு கேள்வியையும் சேர்க்க வேண்டும் என்று எழுதுகிறேன். ஆணை நேசிக்கும் ஆண்கள், பெண்ணை நேசிக்கும் பெண்கள், இருபாலரிடமும் ஈர்ப்பு உள்ளவர்கள் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். நம் ஓட்டைக் கேட்டு வருகிறவர் இவர்களைப் பற்றி என்ன நினைக்கிறார்? சட்டம் மன்றத்துக்கு வந்தால் எந்தப் பக்கம் கை தூக்குவார்?

நான் பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் ஆப்பரேட்டராகச் சேர்ந்து லைன் லீடராக ஓய்வு பெற்றவள். 1972இல் அந்தத் தொழிற்பேட்டை திறந்ததற்குப் பிறகு நிபோங் தெபால், கூலிம், சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து நம் பெண்கள் கூட்டம் கூட்டமாக அங்கே வேலைக்கு வந்தார்கள். நானும் அப்படி வந்தவள்தான். ஹாஸ்டலில் ஓர் அறைக்கு ஆறு பேர், எட்டு பேர். கம்பெனி பஸ், இரவு ஷிப்ட், ஓவர்டைம். பெண்கள் மட்டுமே இருந்த அந்த இடத்தில் இரண்டு பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் உயிராக இருப்பதை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு சட்டை போட்டு வருகிறவர்களை மலாய்த் தோழிகள் 'பெங்கிட்' என்பார்கள். அதைப் பற்றிப் பெரிதாக யாரும் சண்டை போட்டதில்லை. வேலை சரியாகச் செய்கிறாளா, ரிஜெக்ட் குறைவாக வருகிறதா என்பதுதான் லைனில் முக்கியம். பட்டணத்துப் பிள்ளைகள் இணையத்தில் பார்த்துக் கற்றுக்கொண்ட பழக்கம் இது என்று மேடையில் யாராவது பேசும்போது எனக்கு அந்த ஹாஸ்டல்தான் நினைவுக்கு வரும். அந்தக் காலத்தில் எங்கள் அறையில் ரேடியோகூட ஒன்றுதான்.

சரி, வேட்பாளர் விஷயத்துக்கு வருகிறேன். 2023 ஆகஸ்ட் 12 அன்று பினாங்கு உட்பட ஆறு மாநிலங்களில் சட்டமன்றத் தேர்தல். பிரசாரம் நடந்துகொண்டிருந்தபோது எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே ஒரு வேட்பாளர் வந்தார். தமிழர், இளைஞர், நல்ல பேச்சு. லிஃப்ட் பழுது, தண்ணீர்த் தொட்டி, கார் நிறுத்துமிடம் என்று ஒவ்வொருவரும் சொன்னதைக் கூட வந்த பையன் குறித்துக்கொண்டான். என் முறை வந்ததும் கேட்டேன். "தம்பி, ஒரே பாலினத்தை நேசிக்கிறவர்கள் பற்றி உங்கள் நிலை என்ன?" அவர் முகம் மாறிவிட்டது. "ஆண்ட்டி, அது முஸ்லிம் விஷயம். நாம தலையிட முடியாது. இப்ப அந்தப் பேச்சே வேண்டாம், எதிர்க்கட்சிக்காரன் பிடிச்சுக்குவான்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் திரும்பினார்.

அவர் ஏன் பயந்தார் என்பது எனக்குப் புரிகிறது. அதற்குச் சில வாரங்களுக்கு முன் சிப்பாங்கில் நடந்த இசை விழாவில் வெளிநாட்டுப் பாடகர் ஒருவர் மேடையில் நம் நாட்டுச் சட்டத்தைத் திட்டிவிட்டுச் சக ஆணை முத்தமிட்டார். மறுநாளே விழா ரத்தானது. அவர் விமானம் ஏறிப் போய்விட்டார். இங்கே இருக்கிறவர்கள்தான் ஏச்சு வாங்கினார்கள். மே மாதத்தில் வானவில் நிறக் கைக்கடிகாரங்கள் 172ஐக் கடைகளிலிருந்து அதிகாரிகள் அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். தேர்தலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஆகஸ்ட் 10 அன்று, அந்தக் கடிகாரங்களுக்குத் தடை என்றும் விற்றால் மூன்று ஆண்டு வரை சிறை என்றும் உள்துறை அமைச்சு அறிவித்தது. பறித்தது தவறு, திருப்பிக் கொடுங்கள் என்று 2024 நவம்பரில் உயர்நீதிமன்றம் சொன்னது. அதற்குள் தேர்தல் முடிந்து ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

ஆனால் அந்தத் தம்பி சொன்ன முதல் காரணத்தை நான் ஏற்க மாட்டேன். அது முஸ்லிம்களுக்கு மட்டுமான விஷயம் என்பது உண்மையில்லை. அதை எல்லாக் கட்சித் தமிழ் வேட்பாளர்களும் இப்படியே சொல்லித் தப்பித்துக்கொண்டிருப்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

மாநில ஷரியா சட்டங்கள் முஸ்லிம்களுக்கு மட்டும்தான். அது சரி. ஆனால் குற்றவியல் சட்டத்தின் 377ஏ, 377பி பிரிவுகள் இந்த நாட்டில் எல்லாருக்கும் பொருந்தும். மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவருக்கும் தேவாலயத்துக்குப் போகிறவருக்கும் அதே சட்டம்தான். வயதுவந்த ஆண்கள் இருவர் மனம் ஒப்பி, வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உறவு கொண்டாலும் 20 ஆண்டு வரை சிறை, பிரம்படி. 377டி என்று இன்னொன்று இருக்கிறது. அது ஆண் பெண் என்று பார்க்காது. இரண்டு ஆண்டு வரை சிறை. இந்தச் சட்டத்தைத் திருத்துவதும் நீக்குவதும் கோலாலம்பூரில் கூடும் நாடாளுமன்றத்தின் வேலை. அங்கே உட்காருகிறவர்களில் நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்களும் இருக்கிறார்கள்.

திருமணச் சட்டமும் அப்படித்தான். 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் முஸ்லிம் அல்லாதவர்களுக்கென்றே எழுதப்பட்டது. நாம் கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பதிவு செய்வது அதன் கீழ்தான். அதன் 69ஆவது பிரிவு, மணமக்கள் ஆணும் பெண்ணுமாக இல்லையென்றால் அந்தத் திருமணம் செல்லாது என்கிறது. இந்தச் சட்டத்தைத் தொடுவதற்கு எந்த முஃப்தியின் அனுமதியும் தேவையில்லை. தொட வேண்டுமா வேண்டாமா என்று நம் வேட்பாளர் சொல்லலாம். வேண்டாம் என்றால் அதையும் சொல்லலாம். தலையிட முடியாது என்று மட்டும் சொல்ல முடியாது.

மாநிலத்துக்கு எது, கூட்டரசுக்கு எது என்ற கேள்வியில் நீதிமன்றமே ஒரு கோடு கிழித்திருக்கிறது. 2021 பிப்ரவரி 25 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட கூட்டரசு நீதிமன்ற அமர்வு, 'இயற்கைக்கு மாறான' உடலுறவைக் குற்றமாக்கிய சிலாங்கூர் ஷரியா குற்றச் சட்டத்தின் 28ஆவது பிரிவு செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. இந்தக் குற்றத்துக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துடையது, மாநிலச் சட்டமன்றத்துடையது அல்ல என்பதுதான் காரணம். அப்படியென்றால் பொறுப்பு நாடாளுமன்ற உறுப்பினர்களின் தலையில்தான் விழுகிறது. சட்டமன்ற வேட்பாளருக்கு வேறு வேலைகள் இருக்கின்றன. மண்டபத்துக்கும் விழாவுக்கும் அனுமதி, மாநில உதவி பெறும் நிகழ்ச்சிகள், மாநில நலத்திட்டங்களில் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது. அதற்குள்ளும் நிலைப்பாடு எடுக்க நிறைய இடம் உண்டு.

இதெல்லாம் சட்டப் புத்தகத்து விஷயம் என்று யாராவது நினைத்தால், எனக்குத் தெரிந்த இருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். லைனில் நாங்கள் ஊர்ப்பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். ஒருத்தி கூலிம்காரி, இன்னொருத்தி ஜாவிக்காரி. இரண்டு பேரும் ஒரே ஷிப்டில் சேர்ந்து, ஒரே ஹாஸ்டலில் இருந்து, பிறகு சேர்ந்தே ஒரு சின்ன அடுக்குமாடி வீட்டுக்குப் போனார்கள். வீட்டுக்கடன் கூலிம்காரியின் பெயரில். தவணையை இரண்டு பேரும் கட்டினார்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு ஒன்றாகப் பால்குடம் எடுப்பார்கள். தீபாவளிக்கு இரண்டு பேர் வீட்டுக்கும் துணி வாங்குவார்கள். அக்கம்பக்கத்தில் யாரும் எதுவும் கேட்டதில்லை. அவர்களும் யாரிடமும் எதுவும் சொன்னதில்லை. எனக்கு மட்டும் தெரியும் என்றில்லை, எல்லாருக்குமே தெரியும்.

ஓய்வு பெற்றுக் கொஞ்ச காலத்திலேயே கூலிம்காரிக்குப் பக்கவாதம் வந்தது. ஆம்புலன்ஸில் கூடப் போனவள் ஜாவிக்காரி. பதிவு செய்யும் இடத்தில் "வாரிஸ் யார்?" என்று கேட்டார்கள். தோழி என்றாள். தோழி வாரிஸ் ஆக மாட்டாள், கூடப் பிறந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்றார்கள். தம்பி ஜோகூரில் லாரி ஓட்டுகிறவர். அவர் வந்து சேரும் வரை தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் விடவில்லை, டாக்டரும் எதுவும் சொல்லவில்லை. பிறகு தம்பி டாக்டரிடம் கேட்டுவிட்டு வெளியே வந்து இவளிடம் சொல்வார். இரத்த அழுத்தத்துக்கு என்ன மாத்திரை, எந்த மருந்து ஒவ்வாது, எப்போது தலைசுற்றல் தொடங்கியது என்று எல்லாம் தெரிந்தவள் பிளாஸ்டிக் நாற்காலியில் வெளியே உட்கார்ந்திருந்தாள். எதுவும் தெரியாதவர் உள்ளே போய் வந்தார். கூலிம்காரி மூன்றாம் வாரம் இறந்துபோனாள். உடலைப் பெற்றுக் கையெழுத்துப் போட்டது தம்பி. பத்து லஞ்சாங்கில் தகனம் நடந்தபோது ஜாவிக்காரி எங்களோடு, தொழிற்சாலைத் தோழிகளோடு தோழியாக நின்றாள்.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். உயில் எழுதவில்லை. நம்மில் எத்தனை பேர் எழுதுகிறோம்? உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால் சொத்து யாருக்கு என்பதை 1958ஆம் ஆண்டின் சொத்துப் பகிர்வுச் சட்டம் சொல்கிறது. கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர், இவர்கள் யாரும் இல்லையென்றால் உடன்பிறந்தோர். கூடவே வாழ்ந்து தவணை கட்டியவளுக்கு அந்த வரிசையில் இடமே கிடையாது. தம்பிமார் கெட்டவர்கள் இல்லை. தீபாவளி வரைக்கும் இருந்துக்கோங்க அக்கா என்றுதான் சொன்னார்கள். அவர்களுக்கும் கடன், பிள்ளைகள் படிப்பு. வீடு விற்கப்பட்டது. ஜாவிக்காரி இப்போது அண்ணன் மகள் வீட்டில் ஓர் அறையில் இருக்கிறாள்.

இதில் ஒன்றே ஒன்று மட்டும் சிக்கலில்லாமல் நடந்தது. ஊழியர் சேமநிதியில் கூலிம்காரி பல வருடத்துக்கு முன்பே ஜாவிக்காரியின் பெயரை நாமினியாக எழுதி வைத்திருந்தாள். முஸ்லிம் அல்லாத சந்தாதாரர் யார் பெயரையும் எழுதலாம். பாரத்தில் அதற்கு இடம் இருந்தது, எழுதினாள், மீதமிருந்த பணம் வந்து சேர்ந்தது. யாரும் சண்டை போடவில்லை, எந்தச் சமயமும் புண்படவில்லை, நாடும் கெட்டுப் போகவில்லை. ஆஸ்பத்திரிப் பாரத்திலும் அப்படி ஓர் இடம் விட்டால் என்ன? எனக்கு ஏதாவது ஆனால் இவரிடம் சொல்லுங்கள், இவரை உள்ளே விடுங்கள் என்று ஒரு மனிதர் நல்ல நிலையில் இருக்கும்போதே எழுதி வைக்கட்டும். சொத்துப் பகிர்வுச் சட்டத்தில், நெடுங்காலம் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்தவருக்கு ஒரு பங்கு என்று திருத்தினால் என்ன? திருமணம் என்ற பெரிய சொல்லைக் கேட்டாலே வேர்க்கிற வேட்பாளர்கள்கூட இதற்குப் பதில் சொல்ல முடியுமே. கல்யாணமே ஆகாத அக்கா தங்கைகளுக்கும், விதவைத் தோழிகளுக்கும் இது உதவும். திருமண உரிமையும் ஒரு நாள் வர வேண்டும் என்பதே என் விருப்பம். அதற்குக் காலம் ஆகும் என்பதும் தெரியும். ஆனால் ஐசியூ வாசலில் உட்கார்ந்திருப்பவளால் அதுவரை காத்திருக்க முடியாது.

பினாங்குக்காரர்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2012 செப்டம்பரில் இங்கேதான், பெற்றோருக்கும் ஆசிரியருக்குமான ஒரு கருத்தரங்கில், பிள்ளைகளிடம் 'அறிகுறி' கண்டுபிடிக்கும் பட்டியல் ஒன்று விநியோகிக்கப்பட்டது. கல்வித் துணையமைச்சர் கலந்துகொண்ட கூட்டம் அது. பையன் வி கழுத்துச் சட்டையோ கையில்லாத சட்டையோ விரும்பிப் போட்டால், பெரிய பையை மாட்டிக்கொண்டால் கவனியுங்கள் என்று அதில் இருந்தது. எங்கள் கேண்டீனில் அதைப் பற்றிப் பேச்சு வந்தபோது பிள்ளை வைத்திருந்த பெண்கள் பலர் உண்மையிலேயே கலங்கிப்போனார்கள். அந்தப் பட்டியல் தங்களுடையது இல்லை என்று அமைச்சு பிறகு சொன்னது. ஆனால் அந்தப் பயம் வீடுகளுக்குள் போய்விட்டது. அதற்கு முந்தைய ஆண்டு திரெங்கானுவில், பெண்மைத்தனம் இருக்கிறது என்று 66 மாணவர்களை பெசுட்டில் நடந்த முகாமுக்கு அனுப்பினார்கள்.

பிறகு 2017 ஜூன். குளுகோரில் 18 வயதுத் தமிழ்ப் பையன் ஒருவன் தாக்கப்பட்டு, சில நாள் உயிருக்குப் போராடி, பினாங்கு மருத்துவமனையில் இறந்தான். ஆம்பளை மாதிரி இல்லை என்று பள்ளிக்கூடத்திலேயே கேலிக்கு ஆளானவன் என்று அப்போது செய்திகள் வந்தன. அவன் யாரை நேசித்தான், நேசித்தானா இல்லையா என்பது நமக்குத் தெரிய வேண்டியதில்லை. பெண்தன்மை உள்ளவன் என்று இழித்துச் சொல்லும் 'பொண்டான்' என்ற ஒரு சொல்லால் ஒரு பிள்ளையை அடிக்கலாம் என்று மற்ற பிள்ளைகளுக்கு எங்கிருந்து துணிச்சல் வருகிறது என்பதுதான் என் கவலை. அந்த இறுதிச் சடங்குக்கு எல்லாக் கட்சித் தலைவர்களும் இரங்கல் சொன்னார்கள். பகடிவதை என்றார்கள், ஒழுக்கம் என்றார்கள், பெற்றோர் வளர்ப்பு என்றார்கள். ஆண்மை குறைந்தவன் என்று சொல்லி ஒருவரைத் துன்புறுத்துவதற்கு எதிராகப் பள்ளியில் தனியாக ஒரு விதி வேண்டும் என்று சொன்ன குரல் என் காதில் விழவில்லை.

2018 ஆகஸ்டில் ஜோர்ஜ்டவுன் விழாவில் ஒரு புகைப்படக் கண்காட்சி. மலேசியர்கள் தேசியக் கொடியோடு நிற்கும் படங்கள். அதில் நிஷா அயூப், பாங் கீ தெய்க் என்ற இரண்டு உரிமைப் போராளிகளின் படங்களை எடுத்துவிடும்படி கூட்டரசு அமைச்சர் முஜாஹிட் யூசோப் ராவா சொல்ல, படங்கள் அகற்றப்பட்டன. ஆட்சி மாறி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மாற்றத்துக்காக ஓட்டுப் போட்டவர்களில் அந்த இரண்டு பேரைப் போன்றவர்களும் எத்தனையோ பேர்.

தலைவர்களின் நிலை என்ன என்று பார்த்தால் மனம் வலிக்கிறது. இஸ்லாமியக் கட்சியான பாஸின் நிலை ஒளிவுமறைவில்லாதது. சட்டம் இன்னும் கடுமையாக வேண்டும் என்கிறார்கள். அவர்களோடு நான் முற்றாக மாறுபடுகிறேன், ஆனால் எங்கே நிற்கிறார்கள் என்பது தெரிகிறது. 2018 செப்டம்பரில் திரெங்கானுவில் இரண்டு பெண்களுக்கு ஆறு ஆறு பிரம்படி கொடுக்கப்பட்டபோது, இது இஸ்லாத்தின் கருணையைக் காட்டவில்லை என்று அப்போதைய பிரதமர் மகாதீர் சொன்னார். அதே மாதத்தில் ஒரே பாலினத் திருமணத்தை மலேசியா ஏற்க முடியாது என்றும் சொன்னார். இன்றைய பிரதமர் அன்வார் இப்ராஹிம், இந்தக் குற்றவியல் சட்டத்தின் கீழ்ச் சிறையில் வருடக்கணக்கில் இருந்தவர். குற்றச்சாட்டை அவர் எப்போதும் மறுத்தே வந்தார். 2018 மே 16 அன்று பொது மன்னிப்பில் வெளியே வந்தபோது எங்கள் அடுக்குமாடியில் பட்டாசு வெடித்தோம். ஒரு மனிதரின் படுக்கையறையை நீதிமன்றத்தில் விரித்துப் போட்டால் அவர் குடும்பம் என்ன பாடுபடும் என்பதை அவரைவிட அறிந்தவர் இந்த நாட்டில் இல்லை. அவரே 2023 ஜனவரியில், தம் ஆட்சியில் இவர்களுக்கு அங்கீகாரம் கிடையாது என்று சொன்னார். அங்கீகாரத்தை விடுங்கள், சிறைத் தண்டனையையாவது எடுத்துவிடலாமே ஐயா என்று அவரிடம் நேரில் கேட்க ஆசை.

துணிந்து பேசியவர்களும் இருக்கிறார்கள். அதை மறக்கக் கூடாது. அந்தப் பிரம்படியை, அப்போது கிள்ளான் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த சார்ல்ஸ் சந்தியாகோ வெளிப்படையாகக் கண்டித்தார். 2011இல் கோலாலம்பூரில் 'செக்ஸுவாலிட்டி மெர்டேக்கா' என்ற பாலின உரிமை விழாவைத் தொடக்கி வைக்க ஒப்புக்கொண்டவர் வழக்கறிஞர் அம்பிகா சீனிவாசன். போலீஸ் விழாவைத் தடை செய்தது, அம்பிகாவுக்கு எதிராக ஊர்வலம்கூடப் போனார்கள். அவர் பின்வாங்கவில்லை. 2022 பொதுத்தேர்தலில் கோலாலம்பூரில் 'பத்து' என்ற தொகுதியில் சுயேச்சையாக நின்ற சித்தி காசிம், இவர்களுக்காக நீதிமன்றத்திலும் வெளியிலும் வாதாடியவர் என்பது எல்லாருக்கும் தெரியும். மறைக்காமல்தான் ஓட்டுக் கேட்டார். ஜெயிக்கவில்லை. ஆனாலும் அந்தத் தொகுதி வாக்காளருக்கு ஒரு தெளிவான நிலை முன்னால் இருந்தது. பினாங்கில் எனக்கு ஒருமுறைகூட அது கிடைக்கவில்லை.

நம் பண்பாட்டுக்கு ஒவ்வாது என்ற பேச்சு கோயில் கூட்டங்களில் வரும். இந்தச் சட்டம் எந்தத் தமிழனும் எழுதியதல்ல. வெள்ளைக்காரன் 1860இல் இந்தியாவுக்கு எழுதிய குற்றவியல் சட்டத்தைப் பார்த்து நீரிணைக் குடியேற்றங்களுக்கும் ஒன்றை எழுதினான். 1872இல் அது பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றிலும் அமலுக்கு வந்தது. நம் கொள்ளுத்தாத்தாக்கள் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்த காலம். அந்த மூலச் சட்டம் பிறந்த இந்தியாவில் 2018 செப்டம்பர் 6 அன்று, வயதுவந்தோர் மனமொப்பி வாழ்வது குற்றமல்ல என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. 2021இல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், மதுரையிலிருந்து வீட்டைவிட்டு வந்த இரண்டு பெண்களின் வழக்கை எடுத்துக்கொண்டு, தமக்கு இந்த விஷயம் போதுமான அளவு தெரியாது என்று வெளிப்படையாகச் சொல்லி, மனநல ஆலோசகர் ஒருவரிடம் கற்றுக்கொண்ட பிறகே உத்தரவு எழுதினார். இவர்களை 'மாற்றுகிறேன்' என்று மருத்துவம் பார்ப்பதற்குத் தடை விதித்தார். போலீஸ் இவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்றார். அதுவும் தமிழ் மண்தான்.

சிங்கப்பூரைப் பாருங்கள். 2022 ஆகஸ்டில் தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியென் லூங், ஆண்களுக்கு இடையிலான உறவைக் குற்றமாக்கிய 377ஏ நீக்கப்படும் என்றார். நவம்பரில் மன்றத்தில் அந்த மசோதாவை விவாதத்துக்கு முன்வைத்தவர் நம் தமிழர், அப்போதைய சட்ட அமைச்சர் கா. சண்முகம். எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி, உறுப்பினர்கள் மனசாட்சிப்படி வாக்களிக்கக் கட்சிக் கொறடாவை விலக்கிக்கொண்டது. பலர் எழுந்து நின்று தங்கள் நிலையைச் சொன்னார்கள். எதிர்த்தவரும் சொன்னார், ஆதரித்தவரும் சொன்னார். திருமணம் என்பது ஆண் பெண்ணுக்கு இடையில்தான் என்பதை மாற்றாமல் தண்டனையை மட்டும் எடுத்தார்கள். அத்தோடு நிறுத்திக்கொண்டதில் எனக்கு உடன்பாடில்லை, ஆனால் விவாதம் நடந்த விதத்தை மதிக்கிறேன். தாய்லாந்து இன்னும் ஒரு படி மேலே போய், 2025 ஜனவரி 23 முதல் ஒரே பாலினத்தவர் பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம் என்று ஆக்கிவிட்டது. ஹாட்யாய்க்கு இங்கிருந்து காலையில் வேன் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம்.

இருபால் ஈர்ப்பு உள்ளவர்களைப் பற்றிப் பேசும்போது மட்டும், நல்லெண்ணம் உள்ளவர்கள்கூட "அவர்களுக்கு என்ன, எதிர்ப்பாலில் ஒருவரைக் கட்டிக்கொண்டு போகட்டும்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். எங்கள் குடியிருப்பில் வளர்ந்த, அப்படிப்பட்ட ஓர் இளைஞன் என்னிடம் சொன்னான்: "ஆண்ட்டி, நான் எந்தப் பெண்ணைக் கட்டினாலும் உண்மையைச் சொல்லித்தான் கட்டுவேன். சொன்னால் ஊர் என்னைப் பொய்யன் என்கும். சொல்லாவிட்டால் நான் நிஜமாகவே பொய்யன் ஆகிவிடுவேன்." அவனுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. ஓட்டுரிமை 18 வயதுக்கு இறங்கி, 2021 டிசம்பர் முதல் எல்லாரும் தானாகவே வாக்காளர் பட்டியலில் சேர்ந்துவிட்டார்கள். அவனும் அவன் நண்பர்களும் அடுத்த தேர்தலில் என் வரிசையில் நிற்பார்கள். ஆண்ட்டிகளின் ஓட்டுக்கு லிஃப்ட்டைக் காட்டும் வேட்பாளர்கள் இவர்களிடம் எதைக் காட்டுவார்கள்?

எதிர்க்கட்சி பிடித்துக்கொள்ளும் என்ற பயத்துக்கும் ஒரு வார்த்தை. மௌனமாக இருந்தால் ஓட்டு கூடும் என்றால், இத்தனை வருடம் மௌனமாக இருந்தவர்களுக்கு ஏன் கூடவில்லை? மலாய்க்காரர் பெரும்பான்மையாக உள்ள தொகுதியில் நிற்பவரின் சங்கடம் வேறு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பினாங்குத் தீவிலும் கடலுக்கு அந்தப் பக்கத்திலும் நம்மவர்கள் நிற்கும் பல தொகுதிகள் அப்படிப்பட்டவை அல்ல. அங்கேகூட வாய் திறக்காதவர் எங்கேதான் திறப்பார்?

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேர்தல் அறிவிப்பு வந்ததும், பினாங்கிலும் கூட்டரசுப் பிரதேசத்திலும் நிற்கும் தமிழ் வேட்பாளர்கள் எல்லாருக்கும், கட்சி பார்க்காமல், உங்கள் பத்திரிகை இந்தக் கேள்விகளை அனுப்ப வேண்டும். வயதுவந்தவர்கள் மனமொப்பி வாழ்வதற்குச் சிறையும் பிரம்படியும் வேண்டுமா? தான் தேர்ந்தெடுத்த ஒருவரை ஆஸ்பத்திரியில் வாரிஸாக எழுதி வைக்கச் சட்டம் கொண்டுவருவீர்களா? நேசிப்பவரைக் காரணம் காட்டி ஒருவரை வேலையிலிருந்து நீக்கினாலோ வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றினாலோ அவர் எங்கே போய் முறையிடுவது? பள்ளியில் 'பொண்டான்' என்று சொல்லிப் பிள்ளைகளைத் துன்புறுத்துவதற்கு என்ன செய்வீர்கள்? வேண்டாம், முடியாது, ஒப்பமாட்டேன் என்ற பதில்களையும் அப்படியே போடுங்கள். பத்திரிகைக்கும் உரிமச் சட்டம் இருக்கிறது, எல்லாவற்றையும் எழுத முடியாது என்பதை அறிவேன். ஆனால் வேட்பாளரே சொன்ன பதிலை அச்சிடுவதில் என்ன குற்றம் இருக்க முடியும்? பதில் அனுப்பாதவர்களின் பெயரை எழுதி, எதிரே 'பதில் வரவில்லை' என்று போடுங்கள். வாக்களிப்பு நாளுக்கு ஒரு வாரம் முன்னதாக அது வந்தால் எங்கள் அடுக்குமாடியின் அறிவிப்புப் பலகையில் நானே ஒட்டி வைப்பேன்.

இப்படிக்கு,
முன்னாள் தொழிற்சாலை ஊழியர்,
சுங்கை டுவா, பினாங்கு